டெஃப்லான் டிரைவர்

அந்தப் பள்ளிக்கூட வேன் ஓட்டுநரைத் திட்டுவது யாருக்கும் கைவராத வேலையாக இருந்தது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பி வருகிறவர்கள்கூட, அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்துபோவார்கள். வேன் தாமதமாக வந்தால் சாலையைத் திட்டுவார்கள். வண்டியின் பக்கவாட்டில் கீறல் விழுந்தால், எதிரே வந்தவனுக்குக் கண் எங்கே போனது என்பார்கள். ஒருமுறை பின்னால் எடுக்கும்போது பள்ளியின் இரும்புக் கதவையே இடித்து வளைத்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த பிரின்சிபால் அம்மா கதவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கடைசியில் ஓட்டுநரைப் பார்த்தார்.

"இந்தக் கதவை எவன் இவ்வளவு குறுகலா வச்சான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஓட்டுநர் தந்திரக்காரர் அல்ல. முகவாகு அப்படி. சிரித்தால் கன்னமும் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். ஓயாமல் பேசுகிறவன் ரேடியோ. பென்சிலைக் கொறிக்கிறவள் அணில். ஏறியதும் கடைசி இருக்கையில் சுருண்டு தூங்கிவிடும் யு.கே.ஜி. சிறுமி தூங்குமூஞ்சி. "ஏய் தூங்குமூஞ்சி, ஸ்கூல் வந்தாச்சு, கனவைப் பாதியில நிறுத்து" என்று தினமும் காலையில் ஒரு குரல் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் மாமா. தாய்மார்களுக்கு அண்ணன்.

வேனில் உதவியாளராக ஒரு பெண்மணி இருந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, பையை எடுத்துக் கொடுப்பது, ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவர்களை இழுத்து உட்கார வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுநர் அவரை அக்கா என்பார், அவர் ஓட்டுநரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பதை இருவரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா தன் வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பார். ஆனால் சிரிக்க மாட்டார். "ஷூ லேஸ் கட்டாம அனுப்பினா விழுந்து வைக்கும், அப்புறம் எங்களைச் சொல்லுவீங்க" என்று ஒரு தாயிடம் முகத்துக்கு நேரே சொன்னார். தூங்குமூஞ்சியின் அம்மாதான் அவர். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது.

கதவு வளைந்த அன்று மாலை, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இங்கிலீஷ் மிஸ் உட்கார்ந்திருந்தார். அவர் வீடும் அந்த வழியில்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தவர், "நீங்க சரியான டெஃப்லான் அண்ணே" என்றார்.

"அப்படின்னா என்ன மிஸ்? பல்லு விளக்குற பேஸ்ட்டா?"

"உங்க வீட்டுல ஒட்டாத தவா இருக்கா? அது மேல கறுப்பா ஒரு பூச்சு இருக்குமே, அதோட பேரு. எது போட்டாலும் வழுக்கிட்டு வந்துடும். அதை வச்சு இங்கிலீஷ்ல மனுஷங்களுக்கும் ஒரு அடைமொழி உண்டாக்கிட்டாங்க. ஒரு மந்திரி என்ன செஞ்சாலும், எவ்வளவு பேர் குறை சொன்னாலும், ஒண்ணுமே அவர் மேல ஒட்டலைன்னு வைங்க. டெஃப்லான் மந்திரின்னு எழுதுவாங்க."

"நாம தாமரை இலைத் தண்ணின்னு சொல்றோமே, அதுதானே?"

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. அது எதுலயும் ஒட்டாம ஒதுங்கி இருக்கிறவரைச் சொல்றது. டெஃப்லான் ஆள் எல்லாத்துலயும் நடுவுல இருப்பாரு. பழி மட்டும் ஒட்டாது."

"அப்ப இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"சொல்றவங்களைப் பொறுத்தது. பெரும்பாலும் கொஞ்சம் வயித்தெரிச்சல்லதான் சொல்லுவாங்க" என்று மிஸ் சிரித்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வயித்தெரிச்சல் எல்லாம் இல்ல. கதவை இடிச்சது நானா இருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பேன்."

ஓட்டுநரும் மிஸ்ஸும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்ததாக ஓட்டுநருக்கு நினைவு. மறுவாரத்துக்குள் டெஃப்லான் என்ற பெயர் பள்ளி முழுக்கப் பரவியது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அது நடந்தது ஒரு வெயில் காலத்துக் காலையில்.

வேன் பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு, முகம் வெளுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா அவனை அணைத்துக் கீழே இறக்கினார். பள்ளியின் மருத்துவ அறைக்கு அவனைக் கூட்டிப் போவதற்கு முன் ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இவனுக்கு வாந்தி வரும்போல இருக்கு. நான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன். கடைசி சீட்டு வரைக்கும் ஒரு தடவை பாத்துடுங்க."

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரம் இங்கிலீஷ் மிஸ் முன்னிருக்கையில் விடைத்தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கியதும் ஓட்டுநர் வேனைப் பள்ளியின் பின்பக்கம் நிறுத்தும் இடத்துக்கு ஓட்டிப்போனார். பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் பின்வாசல் வாட்ச்மேன் தூரத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முந்தின நாள் மேட்ச் அப்படிப்பட்ட மேட்ச். கடைசிப் பந்து வரை இழுத்துக்கொண்டு போன மேட்ச். ஓட்டுநர் பேசிக்கொண்டே இறங்கினார், பேசிக்கொண்டே கதவைப் பூட்டினார், பேசிக்கொண்டே வாட்ச்மேனின் கூண்டுக்குப் போனார். அங்கே டீ இருந்தது, மின்விசிறி இருந்தது.

வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்ததைப் பார்த்த ஆசிரியை, பிள்ளை இன்று லீவு என்று நினைத்துக்கொண்டார். செடிகளுக்குத் தண்ணீர் விட ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்த தோட்டக்காரர்தான், பூட்டிய வேனுக்குள் ஏதோ தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, முடி எல்லாம் நெற்றியில் ஒட்டி, அழக்கூட தெம்பில்லாமல்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுகோஸ் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மறுநாளே ஐஸ்கிரீம் கேட்டாள் என்று சொன்னார்கள்.

பிரின்சிபால் அறையில் விசாரணை நடந்தது. சிறுமியின் அப்பா சுவரோரம் நின்றார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் ஓட்டுநரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே ஓட்டுநருக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகை. தோள் குலுங்கியது. பிரின்சிபால் எழுந்து வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். "நீங்க ஏன் அண்ணே இப்படி அழுறீங்க, உங்க பிள்ளை மாதிரி வச்சிருந்தீங்களே" என்று சிறுமியின் அம்மாவே ஆறுதல் சொன்னார்.

அக்கா அழவில்லை. முகம் கல்லாக இருந்தது. அதுவே அவருக்கு வினையாகிப்போனது.

"பிள்ளைங்களை இறக்குறது உன் பொறுப்புத்தானே?" என்றார் பிரின்சிபால்.

"என் பொறுப்புத்தான் மேடம். ஒரு பையனுக்கு உடம்பு முடியலைன்னு கூட்டிட்டுப் போனேன். அண்ணன்கிட்ட கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லிட்டுத்தான் போனேன். பாத்துக்கிறேன்னு சொன்னாரு."

பிரின்சிபால் ஓட்டுநரைப் பார்த்தார். "சொன்னாங்களா?"

தண்ணீர் கிளாஸ் இன்னும் அவர் கையில் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அறையில் எல்லோரும் அவர் வாயிலிருந்து 'இல்லை' வர வேண்டும் என்று காத்திருந்ததுபோல அவருக்குத் தோன்றியது. அவர்களை ஏமாற்ற மனம் வரவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது பச்சைப் பொய் என்பதும் அவருக்கே தெரியும். பயந்தார். அவ்வளவுதான்.

"என் காதுல விழல மேடம்" என்றார். "இன்ஜின் சத்தத்துல... விழுந்திருந்தா பாத்திருப்பேனே."

அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். "விழலையா அண்ணே?"

அன்றே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வளைந்து நிமிர்த்தப்பட்ட அந்தக் கதவைத் தாண்டிப் போனார்.

வீட்டில் மனைவி தட்டில் சாப்பாடு போட்டு வைத்திருந்தார். நடந்ததை ஓட்டுநர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "பாக்காம விட்டது தப்பு. அது யாருக்கும் நடக்கும். கேக்கலைன்னு சொன்னீங்க பாருங்க, அது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி அழுதுட்டு இருக்காதீங்க."

ஓட்டுநர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். வேனில் அக்காவின் இடத்துக்கு ஓர் இளம் பெண் வந்தாள். எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். தாய்மார்கள், "இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு" என்றார்கள். தூங்குமூஞ்சி மீண்டும் பள்ளிக்கு வரத் தொடங்கினாள், ஆனால் வேனில் இல்லை. அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். கடைசி இருக்கையில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று அணில் கேட்டாள். தொண்டை சரியில்லை என்றார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பிரின்சிபால் அறைக்குப் போனார். "மேடம், அன்னைக்கு அக்கா சொன்னது என் காதுல விழுந்துச்சு. பாத்துக்கிறேன்னு நான்தான் சொன்னேன். நான்தான் பாக்கல."

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா உங்களை வந்து பாத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"எனக்குத் தெரியும். அவங்க வீட்டு ஆளுங்க யாரோ வந்து அழுதிருப்பாங்க. உங்க மனசு அப்படி. ஒருத்தர் வேலை போனதைத் தாங்க முடியாம பழியை உங்க தலையில போட்டுக்கப் பாக்குறீங்க. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல, போங்க, போய் வண்டியை எடுங்க."

அவர் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார். உண்மையைச் சொல்லி ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

இங்கிலீஷ் மிஸ் முன்னிருக்கையில் உட்காருவதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு விட்டுவிட்டார். நடுவரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, போன் பார்த்துக்கொண்டு வருவார். அன்று மாலை பிள்ளைகளெல்லாம் இறங்கிய பிறகு, மிஸ் இறங்கும் இடத்துக்கு முன்னாலேயே ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார்.

"மிஸ், அன்னைக்கு நீங்க முன்னாடிதானே இருந்தீங்க."

மிஸ் போனைப் பைக்குள் வைத்தார். "இருந்தேன்."

"அக்கா சொன்னது உங்களுக்கு..."

"கேட்டுச்சு. நீங்க பதில் சொன்னதும் கேட்டுச்சு." மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கல. கூப்பிடலையேன்னு நிம்மதியா இருந்துட்டேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல அண்ணே. உங்களையும் காட்டிக்கொடுக்கப் பிடிக்கல. அந்தக்காவைப் பத்தி நான் நினைக்கவே இல்ல."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

"உங்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்" என்றார் மிஸ். "பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கேன். உங்க மேல ஒட்டாம வழுக்கினது எங்கேயோ போய் விழணும் இல்லையா? அது யார் மேல விழுதோ அவங்களுக்கு வேற வார்த்தை. பலிகடா. அது நம்ம மொழியிலயே இருக்கு."

ஓட்டுநர் மறுநாள் அக்கா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன வீடு. அக்கா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"எதுக்கு?"

"காதுல விழலைன்னு சொன்னதுக்கு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விழுந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருக்குள்ள சொல்லிக்கிட்டு என்ன ஆகப்போகுது? பிரின்சிபால்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல."

அக்கா சிரித்துவிட்டார். கசப்பான சிரிப்பு. "நம்ப மாட்டாங்க. உங்க மூஞ்சி அப்படி." பிறகு குரல் இறங்கியது. "வேலை எங்கேயாவது கிடைச்சிடும் அண்ணே. அந்தப் பாப்பாவோட அம்மா என்னைக் கடையில பாத்தாங்க. பிள்ளையை இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிட்டாங்க, ஏதோ நான் பேய் பிசாசு மாதிரி. அந்தப் பாப்பாவுக்குத் தினமும் தண்ணி பாட்டில் மூடி திறந்து கொடுத்தவ நான். அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அழாம சொல்லுங்க. நீங்க அழுதா அவங்க உங்களுக்குத்தான் தண்ணி கொடுப்பாங்க."

கதவு சாத்தப்பட்டது.

சிறுமியின் வீட்டில் அவரைச் சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னார். அவர் எதிர்பார்த்த மாதிரியே, "மனசு உடைஞ்சு பேசுறீங்க அண்ணே, அதெல்லாம் விடுங்க" என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"விடாதீங்கம்மா" என்றார் ஓட்டுநர். "நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. அந்தக்கா, கடைசி சீட்டு வரைக்கும் பாருங்கன்னு சொன்னாங்க. பாத்துக்கிறேன்னு நான் சொன்னேன். இங்கிலீஷ் மிஸ் பக்கத்துல இருந்தாங்க, அவங்களுக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க. பாப்பா தினமும் பின்னாடி தூங்குவான்னு தெரிஞ்சுதான் தூங்குமூஞ்சின்னு பேரே வச்சேன். தெரிஞ்சும் திரும்பிப் பாக்கல."

அந்த அம்மாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஓட்டுநர் தன் வாழ்நாளில் எந்த முகமும் தன்னைப் பார்த்து அப்படி மாறிப் பார்த்ததில்லை.

"அவ கண்ணாடியைத் தட்டியிருக்கா" என்றார் அந்த அம்மா. "தட்டித் தட்டிக் கை வீங்கிப் போயிருந்துச்சு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வாட்ச்மேன் கூண்டுல."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினார். "மேட்ச் பத்திப் பேசிட்டு இருந்தேன். சிரிச்சுட்டு இருந்தேன்."

உள் அறையிலிருந்து வண்ணப் பென்சிலோடு ஓடி வந்த சிறுமி, "மாமா!" என்று அவர் கையைப் பிடிக்க வந்தாள். அம்மா அவளைத் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

"வெளிய போங்க" என்றார்.

அவர் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்து எல்லாம் வேகமாக நடந்தது. சிறுமியின் பெற்றோர் பள்ளிக்குப் போனார்கள். இங்கிலீஷ் மிஸ்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். "அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்று பிரின்சிபால் கேட்டார். மிஸ்ஸின் வேலை நிரந்தரமாவது இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஓட்டுநரை அழைத்த பிரின்சிபால் இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. அவருக்கு ஓட்டுநர் மேல் இருந்ததைவிடத் தன் மேல்தான் கோபம் அதிகம் என்பது பேச்சில் தெரிந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு ஓட்டுநர் வெளியே வந்தார். பள்ளியில் அவரைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார். வாட்ச்மேன்கூட, "எனக்கென்ன தெரியும், அந்தாளுதான் பேச்சை வளத்தாரு" என்றாராம். அதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு வலித்தது. அக்காவுக்கு எப்படி வலித்திருக்கும் என்பதும் அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

அக்காவைப் பள்ளி திரும்பக் கூப்பிட்டது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் போனார். சிறுமியின் அம்மா அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அக்கா என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. தாய்மார்கள் இப்போதும் அவரைப் பற்றி முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.

ஓட்டுநருக்கு வேறு எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. குடிநீர் கேன் போடும் ஒரு சின்ன லாரி ஓட்டினார். கேனைத் தோளில் தூக்கி மாடி மாடியாக ஏறினார். புது முதலாளிக்கும் அவரைப் பிடித்துப்போனது. பழகியவர்களுக்கு இப்போதும் அவரைப் பிடிக்கும். அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது, "உங்களை மாதிரி நல்ல மனுஷன்" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவார். மனைவியிடம் மட்டும், அன்று காதில் விழாத, கண்ணாடியைத் தட்டும் சத்தம் இப்போது கேட்கிறது என்று எப்போதாவது சொல்வார். மனைவி பக்கத்தில் வந்து உட்காருவார்.

மாதங்கள் கழித்து ஒரு பெட்ரோல் பங்கில் லாரியும் பள்ளி வேனும் அடுத்தடுத்து நின்றன. வேனுக்குள் பிள்ளைகள் இல்லை. அக்கா முன்னிருக்கையில் இருந்தார். ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு டயரைப் பார்ப்பதுபோல நின்றார். செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"தண்ணி கேன் போடுறீங்களாமே."

"ஆமாக்கா."

"எங்க தெருவுக்கும் நீங்கதானா?"

"நான்தான்க்கா. உங்க வீட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்து கொடுப்பான்."

"கேன் மூடி சரியாவே மூடியிருக்கிறதில்ல. படியெல்லாம் தண்ணி. நேத்து வழுக்கி விழப் பாத்தேன். எத்தனை தடவை அவன்கிட்ட சொல்றது?"

"அவன் மேல தப்பில்லக்கா. நான் ஏத்தும்போது அழுத்தி மூடல."

"அழுத்தி மூடுங்க" என்றார் அக்கா.

பெட்ரோல் போட்டு முடிந்திருந்தது. வேனின் புது ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் போய் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் லாரியின் பக்கத்திலேயே நின்றார், பின்னால் இருந்தவன் வண்டியை எடு என்று கத்தும்வரை.